துறைமுக வேலைநிறுத்தம்: சரக்கைத் திருப்புவதா, கடலில் காத்திருப்பதா?

2024 அக்டோபர் 1 அன்று அமெரிக்கக் கிழக்குக் கரை, மெக்சிகோ வளைகுடாக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நியூயார்க் போகவேண்டிய கன்டெய்னர்களை என்ன செய்வது?

மேற்குக் கரைத் துறைமுகமான லாங் பீச்சில் இறக்கி ரயிலில் கிழக்கே அனுப்பலாம். ஆசியாவிலிருந்து இன்னும் புறப்படாத சரக்குக்கு இது பொருந்தும், கடல்பயணமும் குறையும். ஆனால் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில் கட்டணம் கையைக் கடிக்கும். அட்லாண்டிக்கில் ஏற்கெனவே வந்துவிட்ட கப்பலுக்கோ இது வெறும் பேச்சுதான்: பனாமா கால்வாய் வழியே சுற்ற வேண்டும்.

மற்றது, நங்கூரமிட்டுக் காத்திருப்பது. செலவு குறைவு, பதற்றம் அதிகம். பழம், மருந்து என்றால் நினைத்தே பார்க்க வேண்டாம். மரச்சாமான் என்றால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். ஆறு ஆண்டுகளில் 62 சதவீத ஊதிய உயர்வு என்ற உடன்பாட்டோடு அக்டோபர் 3 அன்றே நிறுத்தம் முடிந்தது. அவசரப்பட்டுத் திருப்பியவர்களுக்கு ரயில் கட்டணம்தான் மிச்சம்.