முதல் அச்சு என்று சொல்லி மூன்றாம் அச்சைத் தலையில் கட்டிவிட்டான், 140 டாலர் போச்சு

‘அப்சல்யூட் பேட்மேன்’ காமிக்ஸின் முதல் இதழை இணையத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இன்னும் கொதிப்பு அடங்கவில்லை.

2024 அக்டோபரில் வந்த இதழ். எழுத்து ஸ்காட் ஸ்னைடர், ஓவியம் நிக் டிராகோட்டா. மாளிகையும் கோடிகளும் இல்லாத புரூஸ் வேன், அதாவது இந்தக் கதையின் பேட்மேன், மார்பில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றிக் கோடாலியாக்கி அடிக்கிறான். சமீபத்திய சூப்பர் ஹீரோ இதழ்களில் இதற்குப் பக்கத்தில் எதையும் வைக்க மாட்டேன். விற்றுத் தீரத் தீர மறுபடி அச்சடித்தார்கள். அதனால்தான் முதல் அச்சுக்கு இந்த மவுசு.

சேகரிப்பாளர்கள் வாங்கி விற்கும் ஒரு தளத்தில் ‘முதல் அச்சு, புத்தம் புதுசு, 140 டாலர்’ என்று ஒருவன் போட்டிருந்தான். விலை பேசப் போனால் கதையைப் பேசினான். அந்தக் கோடாலிப் பக்கம், புரூஸின் அம்மா உயிரோடு இருப்பது, வழக்கமாக வீட்டுப் பணியாளராக வரும் ஆல்ஃபிரட் இதில் உளவாளியாக வருவது என்று ஒவ்வொன்றாக ரசித்துச் சொன்னான். மார்வெலின் புது ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ இதைவிட மேலா என்று சண்டைகூடப் போட்டோம். இவ்வளவு ரசிக்கிறவன் ஏமாற்றுவானா? 140 டாலரைக் கட்டினேன்.

பார்சலைப் பிரித்தால், பிளாஸ்டிக் உறையின் மேல் ‘மின்ட்’ (கசங்காத புதுசு) என்று தங்க நிற ஸ்டிக்கர். சரியாக பார்கோடு எண்கள் மேல்! உறையிலிருந்து உருவிப் பார்த்தேன். பார்கோடுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐந்து சின்ன எண்களில் கடைசி எண் 3. மூன்றாம் அச்சு.

பணம் கட்டும்வரை ‘ப்ரோ’வாக இருந்தவன் உடனே ‘சார்’ போட ஆரம்பித்தான். “விளம்பரத்துல இருக்கிற படம் மாதிரிக்குப் போட்டது சார். உள்ளே கதை ஒண்ணுதானே சார்.” அப்புறம் பதிலே இல்லை. தளத்துக்காரர்களோ, பார்சல் கைக்கு வந்துவிட்டதால் புகாரை முடித்துவிட்டோம் என்றார்கள். திருப்பி அனுப்புகிறேன் என்றதற்கு, உறையைப் பிரித்துவிட்டீர்களே என்றார்கள். பிரிக்காமல் அந்த எண்ணை எப்படிப் பார்ப்பதாம்? 140 டாலருக்கு யாரும் பொறுப்பில்லை.

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அந்த ஐந்து எண்களில் முதல் மூன்று இதழ் எண், நான்காவது எந்த அட்டை, ஐந்தாவது எத்தனையாவது அச்சு. 00111 என்றால் முதல் இதழ், முதல் அட்டை, முதல் அச்சு. அந்த இடத்தைத் தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பழைய இதழ் வாங்குகிறவர்கள், விளம்பரம் முதற்கொண்டு அப்படியே மறுபதிப்பாக வரும் ‘ஃபாக்சிமிலி’ பிரதிகளிடமும் உஷாராக இருங்கள்.

அவன் விளம்பரம் இப்போதும் அங்கேயே இருக்கிறது. அதே படம், அதே ஸ்டிக்கர். விலையை மட்டும் 160 ஆக்கியிருக்கிறான்.