என்இஎஸ்ஸுக்கான புது 72 பின் கனெக்டர்: படம் பளிச், பிடி முரடு

பழைய நின்டெண்டோ என்இஎஸ் வீடியோ கேம் கன்சோல் வைத்திருக்கிற எல்லோருமே ஒருநாள் இந்த உதிரிபாகத்தை வாங்கலாமா என்று யோசிப்பார்கள். பவரைப் போட்டதும் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும், திரையும் கூடவே அணைந்து அணைந்து எரியும். விளையாட்டு இருக்கும் கார்ட்ரிட்ஜைச் செருகுகிற பாகமான 72 பின் கனெக்டரைப் புதிதாக மாட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். சரியாகத்தான் ஆகிறது. ஆனாலும் நான் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். என்னிடம் உள்ள ஒரு கன்சோலில் இந்தப் புது கனெக்டரும், இன்னொன்றில் சுத்தம் செய்த பழைய கனெக்டரும் இருக்கின்றன. இரண்டிலும் மாறி மாறி விளையாடிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மின்னலைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அதைப் பார்த்துவிட்டு கன்சோலே செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய. கன்சோலில், அனுமதியில்லாத கார்ட்ரிட்ஜைத் தடுக்க ஒரு பூட்டு சிப், கார்ட்ரிட்ஜில் அதற்கு ஜோடியாக ஒன்று. இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். அவற்றுக்கான பின்களில் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் பேச்சு அறுந்துவிடும். அப்போது கன்சோலில் உள்ள சிப், நொடிக்கொரு தடவை எல்லாவற்றையும் ரீசெட் செய்யும். அதுதான் நாம் பார்க்கும் மின்னல். மற்ற பின்கள் தொடாவிட்டால் கலைந்துபோன படமோ, ஒரே நிறத் திரையோ வரும். கன்சோல் சிப்பின் 4ஆம் காலைத் தூக்கிவிட்டால் மின்னல் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் தொடாத பின் அப்போதும் தொடாமலேதான் இருக்கும்.

கோளாறின் வேர் வடிவமைப்பில் இருக்கிறது. 1983இல் ஜப்பானில் வந்த, என்இஎஸ்ஸின் மூல வடிவமான ஃபேமிகாமில் கார்ட்ரிட்ஜை மேலிருந்து நேராகச் செருகுவார்கள். 60 பின், பூட்டு சிப் கிடையாது. 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகும்போது, அங்கே வீடியோ கேம் என்றாலே கடைக்காரர்கள் பயந்துபோயிருந்தார்கள். அதனால் விசிஆர் (வீடியோ கேசட் கருவி) போன்ற தோற்றம் கொடுத்து, கார்ட்ரிட்ஜை முன்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளி, கீழே அழுத்தும் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பின்கள் வளைகின்றன. வருடக்கணக்கில் வளைந்தால் விறைப்பு போகத்தானே செய்யும்? கார்ட்ரிட்ஜில் வாயால் ஊதி ஊதி எச்சில் ஈரத்தை ஏற்றியதும் நல்லது செய்யவில்லை.

சரி, பொருளுக்கு வருகிறேன். மாட்டுவது எளிது. சால்டரிங்கே தேவையில்லை. அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, தகரக் கவசத்தை எடுத்து, கார்ட்ரிட்ஜ் உட்காரும் தட்டையும் கழற்றினால், போர்டின் ஓரத்தில் செருகியிருக்கும் பழைய கனெக்டரை இழுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். தட்டின் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளமில்லை. எது எங்கே இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது கனெக்டரின் பிளாஸ்டிக் வார்ப்பு நன்றாக இருக்கிறது. பின்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. போட்ட மாத்திரத்தில் படம் வந்தது, மின்னலே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் குறையே கிடையாது.

குறை பிடியில்தான். இது கார்ட்ரிட்ஜைக் கவ்விக்கொள்கிறது. கீழே அழுத்தாமலேயே விளையாட்டு ஓடும் அளவுக்கு இறுக்கம். அக்கா மகள் வந்திருந்தபோது விளையாட்டை மாற்றப் போனாள். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, வரவே மாட்டேங்குது!" என்றாள். நான் இழுத்தபோது கன்சோலே சேர்ந்து நகர்ந்தது. பழகப் பழகத் தளரும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் ஆகியும் என்னுடையது கொஞ்சம்தான் தளர்ந்திருக்கிறது.

சிரமம் கைக்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். கார்ட்ரிட்ஜைத் திறந்து போர்டின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு தொடுபட்டையிலும் நீளவாக்கில் புதுக் கீறல். பட்டையின் மேலுள்ள உலோக முலாம் மிக மெல்லியது, போனால் போனதுதான். கனெக்டரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கார்ட்ரிட்ஜுக்குப் புது ஓரம் எங்கே போய் வாங்குவது? தேய்ந்துபோகிற பாகமாகக் கனெக்டர்தான் இருக்கவேண்டும். இந்தத் தயாரிப்பு அதைத் தலைகீழாக்குகிறது, என்னால் ஏற்கமுடியாதது அதுதான்.

பழைய கனெக்டரை நான் மீட்ட விதம்: தனியே கழற்றி, வடிகட்டிய சுத்தநீரில் சில நிமிடம் கொதிக்கவைத்தேன். வெளியே எடுத்து, சுத்தமான கார்ட்ரிட்ஜ் போர்டு ஒன்றைப் பலமுறை செருகி எடுத்து, மறுபடியும் கொதிக்கவைத்தேன். தண்ணீரில் சாம்பல் நிறக் கசடு மிதந்ததைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்! அப்புறம் முழுக்க உலரவிட்டேன். இதில் அவசரமே கூடாது. பின்களுக்கு நடுவே ஒரு துளி நின்றாலும் ஆபத்து. அதற்குப் பிறகும் தாழ்ந்திருந்த சில பின்களை மட்டும் மெல்லிய ஊசியால் இம்மியளவு தூக்கிவிட்டேன். இன்றைக்கு அந்தக் கன்சோலில் குழந்தைகூட ஒரு விரலால் அழுத்தி விளையாடலாம், ஒரு விரலால் எடுக்கலாம்.

எந்தக் கனெக்டரானாலும் கார்ட்ரிட்ஜ் அழுக்காக இருந்தால் பயனில்லை. கார்ட்ரிட்ஜின் தனிவகை ஸ்க்ரூக்களைக் கழற்றும் 3.8 மிமீ கேம்பிட் திருப்புளி ஒன்று வாங்கி, அதன் பிளாஸ்டிக் கூட்டைத் திறந்து, உள்ளே உள்ள தொடுபட்டைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால், கருமை வருவது நிற்கும்வரை துடையுங்கள். உலோகம் பளபளக்கத் தேய்க்கும் பாலிஷ் வேண்டாம், அதுவும் முலாமைத் தின்னும். உள்ளே சேமிப்புக்கான சிஆர்2032 பேட்டரி இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதைக் கழற்றினால் சேமித்த ஆட்டமும் போய்விடும்.

அப்படியானால் இந்தப் புது கனெக்டர் யாருக்கு? பழையதில் பின் உடைந்துபோனவர்களுக்கும், துரு ஏறி அரித்துப்போனவர்களுக்கும் வேறு வழியில்லை, தாராளமாக வாங்கலாம். வாங்கினால், அதிகம் கிடைக்கிற ஒரு விளையாட்டை அதில் செருகி அப்படியே விட்டுவிடுங்கள். அரிய கார்ட்ரிட்ஜை இதில் போடவேண்டாம். பழைய கனெக்டரைக் குப்பையில் போடாமல், ஒரு உறையில் பெயர் எழுதி வையுங்கள். நான் என்னுடைய இரண்டாவது கன்சோலிலும் அடுத்த வாரம் பழையதையே திரும்ப மாட்டப்போகிறேன்.