பி.வி.ஏ. ஃபிலிமில் நானோ வெள்ளி: உள்ளேயே விளையவைப்பதா, வெளியே செய்து கலப்பதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எம்.எஸ்ஸி. புராஜெக்ட்டுக்கு நானோ வெள்ளியை எடுப்பவர்கள் முதலிலேயே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. வெள்ளி அயனியை உலோகமாக ஒடுக்கும் போரோஹைட்ரைடு போட்டு வெள்ளிக் கூழ்மத்தை (நீரில் மிதக்கும் நுண்துகள்களை) தனியாகத் தயாரித்து, பாலிவினைல் ஆல்கஹால் (பி.வி.ஏ.) என்ற பாலிமரின் கரைசலில் ஊற்றலாம். அல்லது சில்வர் நைட்ரேட்டையே பி.வி.ஏ.வில் கலந்து, ஃபிலிமாக வார்த்து, ஓவனில் சூடேற்றித் துகள்களை உள்ளேயே உருவாக்கலாம். நான் இரண்டாவது கட்சி.

தனியாகச் செய்வதில் ஒரு வசதி உண்டு: கலப்பதற்கு முன்பே துகளின் தரம் தெரிந்துவிடும். ஐஸில் வைத்த 2 மில்லிமோலார் போரோஹைட்ரைடு 30 மி.லி.யில், 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 10 மி.லி.யை நொடிக்கு ஒரு சொட்டு கணக்கில் விட வேண்டும். தெளிந்த மஞ்சள் வந்து, யு.வி. நிறமாலையில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் சோதனை) 400 நானோமீட்டர் அருகே உச்சி தெரிந்தால் சரி. சொட்டு விட்டு முடிந்ததும் ஸ்டிரரை நிறுத்திவிடுங்கள். சுற்றிக்கொண்டே இருந்தால் மஞ்சள் கறுத்து, கடைசியில் சாம்பல் நிறமாகி அடியில் படியும்.

சிக்கலே அதற்குப் பிறகுதான். கலந்தபின் இந்தக் கூழ்மத்தில் வெள்ளி வெறும் 0.25 மில்லிமோலார். ஒரு கிராம் பி.வி.ஏ. ஃபிலிமில் எடைக்கு ஒரு சதவீதம் வெள்ளி வேண்டுமென்றால் சுமார் 10 மில்லிகிராம் தேவை. அதற்குக் கிட்டத்தட்ட 370 மி.லி. கூழ்மம் பிடிக்கும். ஒரே ஒரு பெட்ரி டிஷ்ஷுக்கு! சுண்டவைத்தால் உப்புச் செறிவு ஏறி துகள்கள் ஒட்டிக்கொள்ளும். சென்ட்ரிஃபியூஜில் போட்டால் அடியில் படிந்தது மறுபடி முழுதாகப் பிரியாது. துகள்கள் ஒட்டாமல் காக்கும் பி.வி.பி. (பாலிவினைல் பைரோலிடோன்) சேர்த்தால் ஓரளவு தாங்கும். ஆனால் போரோஹைட்ரைடு சிதைந்து வரும் போரேட்டுக்கு அது மருந்தில்லை. போரேட் பி.வி.ஏ. சங்கிலிகளைப் பிணைத்துவிடும், பிள்ளைகள் விளையாடும் ஸ்லைம் இறுகுவதும் இதே வேதியியல்தான். தண்ணீர் வற்ற வற்றக் கரைசல் கட்டி கட்டியாகி, வார்க்கவே வராது.

உள்ளே விளையவைக்கும் முறையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 98–99 சதவீதம் ஹைட்ரோலைஸ் ஆன பி.வி.ஏ. 5 கிராமைக் குளிர்ந்த நீர் 90 மி.லி.யில் தூவிக் கலக்கிக்கொண்டே 90 டிகிரிக்கு ஏற்றுங்கள். நேராகச் சுடுநீரில் கொட்டினால் மேலே தோல் பிடித்து உள்ளே மாவாக நிற்கும். அறை வெப்பத்துக்கு ஆறியபின், 0.085 கிராம் சில்வர் நைட்ரேட்டை 10 மி.லி. நீரில் கரைத்துச் சேர்க்கலாம். சூட்டோடு சேர்த்தால் பாத்திரத்திலேயே பழுப்பு தொடங்கும். குமிழி அடங்கியதும் 9 செ.மீ. டிஷ்ஷில் 20 மி.லி. ஊற்றி, இருட்டில் 40 டிகிரியில் காயவிட்டால் சுமார் 0.12 மி.மீ. ஃபிலிம் கிடைக்கும். பிறகு 110–120 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். பி.வி.ஏ.வின் ஹைட்ராக்சில் குழுக்களே வெள்ளி அயனியை உலோக வெள்ளியாக ஒடுக்கும். சங்கிலிகளே துகள்களை நகரவிடாமல் பிடித்தும் கொள்ளும். ஈரம் மிச்சமிருந்தால் கொப்புளம் கிளம்பும். சூடு அதிகமானால் பி.வி.ஏ.வே மஞ்சளாகும், அதை வெள்ளியின் நிறம் என்று நம்பிவிடக்கூடாது. வெள்ளி போடாத ஃபிலிம் ஒன்றையும் கூடவே ஓவனில் வைத்து, அதை ஒப்பிட்டுப் பார்க்கும் பிளாங்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த முறையானாலும் தண்ணீர் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடுதான் நினைவுக்கு வரும். இந்த வேலையில் ஃபுளோரைடு நிரபராதி, சில்வர் ஃபுளோரைடு தாராளமாகக் கரையும். கெடுப்பது குளோரைடு. இந்தியக் குடிநீர்த் தரநிலையில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு ஏற்கத்தக்க அளவு. அது 7 மில்லிமோலார்; மேலே சொன்ன கரைசலில் வெள்ளி 5 மில்லிமோலார்தான். குடிக்க நல்ல தண்ணீரே மொத்த வெள்ளியையும் வெண்படிவாக்கிவிடும். கேனில் வாங்கும் டிஸ்டில்டு வாட்டரையும் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள். கண்ணாடிச் சாமான்களை நைட்ரிக் அமிலத்தில் கழுவி, அதே நல்ல நீரில் அலச வேண்டும்.

டி.இ.எம்.முக்கு (துகளைப் பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) சாம்பிளை பெங்களூருக்கோ சேலத்துக்கோ அனுப்பும்போதும் ஃபிலிமுக்கே என் ஓட்டு. பஸ் சூட்டில் கூழ்மம் நிறம் மாறிவிடலாம். காய்ந்த ஃபிலிமைக் கறுப்புத் தாளில் சுற்றினால் போதும்.

குறையும் உண்டு. துகளின் அளவு ஒரே சீராக வராது; அளவுதான் ஆய்வின் மையம் என்றால் தனியாகச் செய்வதே மேல். தங்கத்துக்கும் இந்தத் தீர்ப்பை அப்படியே நீட்ட மாட்டேன், சிட்ரேட் முறையில் தங்கம் அருமையாக வரும். இன்னொன்று, ஒடுங்காத வெள்ளி அயனி ஃபிலிமில் தங்கியிருக்கலாம். அப்போது பாக்டீரியா சோதனையில் ஃபிலிமைச் சுற்றித் தெரியும், பாக்டீரியா வளராத வளையம் துகளால் வந்ததா, அயனியால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஃபிலிம் துண்டை நல்ல நீரில் ஊறவைத்து, அந்த நீரில் ஒரு சொட்டு உப்புக் கரைசல் விடுங்கள். கலங்கினால் ஃபிலிம் இன்னொரு அரை மணி ஓவனுக்குப் போகட்டும்.