காரைக்குடியின் புது டீட்டெயிலிங் கடை: ஒரு டிராவல்ஸ்காரனின் மதிப்பீடு

காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகிற வழியில், நீலத் தகரக் கூரையும் வாசலில் ஒரு வேப்பமரமுமாக இருக்கிற கார் டீட்டெயிலிங் கடையைப் பற்றி, அதாவது வண்டியை நுணுக்கமாகக் கழுவி, பாலிஷ் போட்டு, பெயிண்டைப் பாதுகாக்கிற கடையைப் பற்றி, டாக்ஸி ஸ்டாண்டில் பலரும் என்னிடம் விசாரிக்கிறார்கள். நான் கானாடுகாத்தானில் டிராவல்ஸ் நடத்துகிறேன். இன்னோவா, எர்டிகா, டிசையர் எல்லாமே அங்கே போய் வந்துவிட்டன. வேலை நன்றாக இருக்கிறது, விலை நியாயம், சொன்ன நேரத்துக்கு வண்டி தருவதில்லை. அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு இவ்வளவு போதும். ஆனால் தொழிலுக்குப் புதிதாக வந்த ஒருவர் ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களுக்கு நடுவில் எப்படி வாடிக்கையாளரைச் சேர்க்கிறார் என்பதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். அதுதான் என்னை எழுத வைத்தது.

எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு வரும் கேடு என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். ஆத்தங்குடி, கண்டனூர் என்று எந்தப் பக்கம் போனாலும் செம்மண் புழுதி. காலையில் டிரைவர் காய்ந்த துணியை எடுத்து அந்தப் புழுதியோடு சேர்த்துத் துடைப்பார். வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல் தெரியும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. கழுவி அப்படியே காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி படிந்துவிடும். இது போதாதென்று ராமேஸ்வரம் டிரிப் போய்வந்தால் அடிப்பகுதியில் கடல் உப்பு.

கடைக்காரர் முப்பது வயதுக்குள் இருக்கும் தம்பி. கோயம்புத்தூரில் வேலை பழகிவிட்டு சொந்த ஊருக்குத் திரும்பியவர். வண்டியைக் கொண்டுபோனதும் நுரை அடித்து ஊறவிடுகிறார்கள். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொரு வாளியில் துணியை அலச வெறும் தண்ணீர். அலசும் வாளியின் அடியில் சல்லடை மாதிரி ஒரு தட்டு. மணல் கீழே தங்கிவிடும், திரும்பத் துணியில் ஏறாது. சக்கரத்துக்குத் தனித் துணி, பாடிக்குத் தனித் துணி. கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர். டிசையருக்கு 500 ரூபாய், இன்னோவாவுக்கு 700. சாதாரண வாட்டர் வாஷைவிடக் கூடுதல்தான், ஆனால் கண்ணாடியில் ஒரு புள்ளி இல்லை.

அம்பாசடர் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஓர் ஆச்சியிடம் 80-களில் வாங்கிய கறுப்பு அம்பாசடர் இருக்கிறது. கல்யாணத்துக்கும், பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுக்கவும் ஆச்சிக்காக நான்தான் வாடகைக்கு விடுகிறேன். அந்த வண்டியைத் தயாரிப்பதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள் என்பதால் ஆச்சிக்கு அதன் மேல் தனி அக்கறை. பெயிண்ட் மங்கிப் போய், கைவைத்தால் விரலில் கறுப்பு ஒட்டியது. வெளியூரில் ஒரு கடையில் விசாரித்தேன். வண்டியைப் பார்க்காமலே, போனிலேயே, 18,000 ரூபாய்க்கு செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல் போடும் கெட்டியான பாதுகாப்புப் பூச்சு), ஐந்து வருட கேரண்டி என்றார்கள்.

அதே வண்டியைத் தம்பியிடம் ஓட்டிப் போனேன். அவர் டிக்கி ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் கையால் பாலிஷ் போட்டுத் தேய்த்தார். துணி கறுப்பாகிவிட்டது. “அண்ணே, இதுல கிளியர் கோட், அதான் பெயிண்ட் மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சு, இல்ல. துணியில வர்றது பெயிண்டேதான். மெஷின் வச்சு அழுத்தித் தேச்சா ஓரங்கள்ல அடியில இருக்கிற பிரைமர் பூச்சு தெரிஞ்சிடும்” என்றார். அப்புறம் எங்கள் ஊர்க்காரனுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொன்னார். நம் பழைய வீட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புப் பூச்சை, அழுக்குப் போகிறது என்று உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் என்ன ஆகும், அதுதான் இங்கேயும் என்றார். இந்த வண்டிக்கு செராமிக் வேண்டாம், கையால் மென்மையாக ஒரு பாலிஷ், மேலே கார்னோபா மெழுகு, அதுவும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும் என்று சொல்லி 2,500 ரூபாய் எஸ்டிமேட் எழுதித் தந்தார்.

பெரிய தொகைக்கு வேலை தானாக வந்து வாசலில் நிற்கிறது. வேண்டாம் என்று சொல்லி சின்ன வேலையாக எழுதிக் கொடுக்க, கடை திறந்த புதிதில், வங்கிக் கடன் தவணை ஓடும்போது, மனது வேண்டும். வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது ஆச்சி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அவுக ஓட்டுனப்ப இருந்த மாதிரியே இருக்குப்பா” என்றார். கறுப்பு ஆழமாகிவிட்டது, கண்ணைப் பறிக்கிற பளபளப்பு இல்லை. ஆச்சி கேட்டதும் அதைத்தான்.

இன்னோவாவுக்கும் இதே நிதானம்தான். பெயிண்ட் கனத்தை அளக்கும் கருவியை வைத்து ஒவ்வொரு பாகமாக எனக்குக் காட்டினார். பானெட்டில் 110 மைக்ரான் சுமாருக்கு வந்தது, இடது பின்கதவில் 280. அந்தக் கதவில் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய வண்டியாக வாங்கியபோது எனக்கு யாரும் சொல்லாத விஷயம். கீறலுக்கு ஒரே ஒரு சுற்று பாலிஷ் போதும், ஆழமான கீறல்களை விட்டுவிடலாம், ஒவ்வொரு சுற்றிலும் கிளியர் கோட் கொஞ்சம் கரைகிறது என்றார். 4,500 ரூபாய். செராமிக் பற்றி நானாகவே கேட்டேன். அதன் பெட்டியில் போட்டிருக்கும் 9எச் என்பது பென்சில் கீறல் சோதனையில் வரும் அளவு, கல் தெறித்தால் தாங்கும் என்று நினைக்க வேண்டாம், பறவை எச்சமும் அழுக்கும் சுலபமாகப் போகும், கழுவுவது எளிது, அவ்வளவுதான் என்றார். வாரம் தவறாமல் ராமேஸ்வரம் போகிற வண்டிக்கு முதலில் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள் என்று 300 ரூபாய் வேலையைச் சொல்லி அனுப்பினார்.

இனி மற்ற கடைகளோடு அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது. முன்பு ஓரிடத்தில் டெஃப்லான் கோட்டிங் என்று பணம் வாங்கிக்கொண்டு என் எர்டிகாவுக்கு வெறும் மெழுகைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டு மழையில் போய்விட்டது. இதைத் தம்பியிடம் கொதிப்போடு சொன்னேன். எந்தக் கடை என்று அவர் கேட்கவே இல்லை. “இப்ப பெயிண்ட் எப்படி இருக்குன்னு பார்ப்போம்ணே” என்று லைட்டை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். புதுக்கடைக்காரருக்கு இதைவிட வசதியான வாய்ப்பு கிடைக்காது. நானே வாயைத் திறந்து கொடுத்தேன், அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வந்தவனிடம் அடுத்தவன் குறையைப் பேசி வியாபாரம் பிடிப்பவர், நாளை என்னைப் பற்றியும் இன்னொருவரிடம் பேசுவார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அதே சாலையில் பல வருடமாக வாட்டர் வாஷ் நடத்துகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கடை திறக்கும் முன்பே தம்பி அவரைப் போய்ப் பார்த்து, தான் என்னென்ன வேலை செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். இதைப் பெரியவரே என்னிடம் சொன்னார். அங்கே வேலை பார்த்த பையன் இங்கே வேலை கேட்டு வந்தபோது, முதலாளியிடம் சொல்லிவிட்டு, முகூர்த்த சீசன் முடித்துக்கொடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். இப்போது வெறும் கழுவல் வேலை அதிகம் சேர்ந்தால் இங்கிருந்து பெரியவரிடம் போகிறது. அங்கே பாலிஷ் கேட்டு வருகிறவர்கள் இங்கே வருகிறார்கள். இடையில் இருவருக்கும் காசு கைமாறுவதில்லை.

விலையிலும் அவர் கழுத்தறுப்பு வேலை செய்யவில்லை. பெரியவர் 400 வாங்குகிறார் என்றால் 199 ரூபாய் பலகை வைத்து அந்த வாடிக்கையாளர்களை இழுத்திருக்கலாம். திறப்பு விழாச் சலுகை என்று ஒரு மாதம் உள்பக்கச் சுத்தத்துக்கு மட்டும் கொஞ்சம் குறைத்தார், தேதி போட்டு அறிவித்தார், அந்தத் தேதியில் நிறுத்தினார். எங்கள் டாக்ஸி தொழிலில் நான் கண்ணால் பார்த்தது இருக்கிறது. ஒருவர் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் குறைப்பார், மற்றவர்களும் வேறு வழியில்லாமல் குறைப்பார்கள். டீசல் விலை யாருக்காகவும் இறங்காது. கடைசியில் எங்கே மிச்சம் பிடிப்பார்கள்? வழுக்கையான டயரை இன்னும் ஆறு மாதம் ஓட்டுவார்கள், டிரைவருக்குத் தூக்கத்துக்கு நேரம் தரமாட்டார்கள். டீட்டெயிலிங்கிலும் அப்படித்தான் நடக்கும். 199 ரூபாய்க்குக் கழுவினால் சக்கரம் துடைத்த துணியால்தான் பானெட்டையும் துடைக்க முடியும். வாடிக்கையாளர் மலிவு என்று போய், கீறலை வாங்கிக்கொண்டு வருவார்.

விலைப்பட்டியல் வாசலிலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது. சின்ன கார், செடான், பெரிய கார் என்று மூன்று வரிசை, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து. ஹோட்டல் வண்டி வந்தால் ஒரு விலை, சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தவருக்கு ஒரு விலை என்பதெல்லாம் கிடையாது. கணக்கெழுதியே பேர் வாங்கிய ஊரில் இது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் வண்டியைப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் இந்தத் தொழிலில் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும்.

கமிஷன் விஷயத்தில்தான் ஸ்டாண்டில் சிலருக்கு அவர் மேல் வருத்தம். வண்டி கொண்டுவரும் டிரைவருக்குக் கையில் இருநூறு முந்நூறு வைப்பது பல இடங்களில் வழக்கம். முதலாளிக்குத் தெரியாது, பில்லில் அது எப்படியோ ஏறியிருக்கும். தம்பி கொடுப்பதில்லை. டிரைவர்களுக்கு ஃபேனுக்குக் கீழே உட்கார இடம், டீ, செல்போன் சார்ஜ் போட வசதி, அவ்வளவுதான். என் டிரைவரே முதலில் முகம் சுளித்தார். முதலாளி என்ற முறையில் நான் சொல்வது: டிரைவருக்கு ஏதாவது தரவேண்டுமென்றால் நான் தருகிறேன், சம்பளத்தில் சேர்த்துத் தருகிறேன். என் வண்டிக்குத் தேவையில்லாத பாலிஷை என் காசிலேயே யாரும் விற்க வேண்டாம்.

போட்டோ விஷயத்திலும் சுத்தம். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுக்கிறார். போடலாமா என்று கேட்டுவிட்டு, நம்பர் பிளேட்டை மறைத்துத்தான் போடுகிறார். எங்கேயோ எடுத்த வெளிநாட்டுக் கார் படத்தைத் தன் வேலை என்று காட்டுவதில்லை. கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டால் தள்ளுபடி என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. சலுகை கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிப்படியே தவறு. செராமிக்குக்கு இரண்டு வருட கேரண்டி, அதுவும் இன்ன முறையில் கழுவி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினால்தான் என்று எழுதித் தருகிறார். ஆயுள் முழுக்க என்று பலகை வைப்பவர்கள் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துப் பார்க்கலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட அதில் இடமிருக்கிறது.

குறைகளைச் சொல்லாவிட்டால் இது மதிப்பீடே இல்லை. மாலை ஐந்து மணிக்கு என்றால் எட்டு மணி ஆகிறது. இரண்டு வண்டிதான் உள்ளே நிற்க முடியும், ஆட்கள் மூவர். வேலையை அரைகுறையாக விட மனமில்லாமல் இழுத்துக்கொண்டே போகிறார்கள். கல்யாண வண்டிக்கு இது சரிப்படாது. மாப்பிள்ளை அழைப்பு யாருக்காகவும் காத்திருக்காது. முடியாது என்றால் காலையிலேயே முடியாது என்று சொல்லிவிட வேண்டும். வேலை நடக்கும்போது போன் எடுப்பதில்லை. எர்டிகாவின் கறுப்பு ரப்பர் ஓரங்களில் பாலிஷ் காய்ந்து வெள்ளையாகத் தங்கியிருந்தது. மறுநாள் கொண்டுபோனதும் எதுவும் பேசாமல் பிரஷ் வைத்து எடுத்துக் கொடுத்தார்கள். பெண்கள் வந்தால் உட்கார ஒழுங்கான இடமோ கழிவறையோ இல்லை. இதைச் சீக்கிரம் செய்ய வேண்டும் என்று தம்பியிடமே சொல்லியிருக்கிறேன்.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்கே வண்டியை விட்டுவிடுங்கள். ஞாயிறு விடுமுறை. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிற மாதிரி சொல்லிவையுங்கள். பழைய வண்டி என்றால் கடைசியாக எப்போது, எந்தப் பாகத்தில் பெயிண்ட் அடித்தது என்று பட்டறையில் கேட்டுக்கொண்டு போங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வெறும் கழுவல் மட்டும் போதும் என்றால் பெரியவர் கடையே போதும், தம்பியும் அதைத்தான் சொல்வார்.