கியாலோ எடியூ: பட்டிமன்ற ஊர் வகுப்பறையில் எவ்வளவு தேறும்?

மதுரைப் பக்கம் வகுப்பில் விவாதம் என்றாலே பட்டிமன்றம்தான். ஒரு நடுவர், இரண்டு அணி, வாய்ச் சாமர்த்தியம் உள்ள நாலைந்து பேர். மற்றவர்கள் கைதட்டுவதோடு சரி. கைதட்டுகிறவர்களையும் வாதத்துக்குள் இழுக்க கியாலோ எடியூ உதவும். 2017இல் வந்த கியாலோ என்ற இணைய விவாதத் தளத்தின் பள்ளிப் பதிப்பு இது. இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை.

மேலே ஒரு மையக் கருத்து. அதன் கீழ் ஆதரவு பச்சையில், எதிர்ப்பு சிவப்பில். ஒவ்வொன்றுக்கும் கீழே மறுபடி பச்சை, சிவப்பு என்று மரம் போலக் கிளை பிரிந்துகொண்டே போகும். ஒரு கருத்துக்கு 500 எழுத்துக்குறி வரைதான் இடம். யூனிக்கோடில் ‘கி’ என்பதே இரண்டு குறி என்பதால் தமிழில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அதுவும் நல்லதுக்குத்தான். ‘அவையோர்களே’ என்று தொடங்கினால் சொல்ல வந்த காரணத்துக்கு இடம் இருக்காது.

மையக் கருத்தை எழுதுவதில்தான் பாதி வேலை. ‘போக்குவரத்து நெரிசல் நல்லதா கெட்டதா’ என்று கேள்வியாக வைத்தால் கிளை எங்கேயும் ஒட்டாது. ‘மதுரை மாசி வீதிகளில் பகலில் கார் நுழையக் கூடாது’ என்று ஒரே முடிவாக வையுங்கள். அதற்குள் ‘ஆட்டோவும்’, ‘பார்க்கிங் கட்டணமும்’ என்று சேர்த்தால் யார் எதை மறுக்கிறார்கள் என்றே தெரியாமல் போகும்.

பிள்ளைகள் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எதிரணி ஒருவர், ‘கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்குச் சரக்கு வராது’ என்று மையக் கருத்தின் கீழ் சிவப்பில் போடுகிறார். அதற்குப் பதில், ‘சரக்கு வருவது லாரியிலும் மினி வேனிலும், தடை காருக்கு மட்டும்தானே’. இது தடையை ஆதரிக்கிற பேச்சு என்பதால் மேலே போய்ப் பச்சையில் ஒட்டிவிடுகிறார்கள். தப்பு. அது சரக்குக் கருத்துக்குக் கீழே, சிவப்பில் இருக்க வேண்டும். நிறத்தை முடிவு செய்வது நம் கட்சி எது என்பதல்ல, நேர் மேலே இருக்கும் கருத்தைத் தாங்குகிறோமா தட்டுகிறோமா என்பதுதான். இது பிடிபட்டுவிட்டால் கருவிக்குச் செலவழித்த நேரத்துக்கு ஈடு கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். பட்டிமன்ற மேடையில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை, கைதட்டலில் முழுகிப்போகும்.

அடுத்த படி இன்னும் நுட்பம். ‘காரை எடுத்தால் நடப்பவர்களுக்கு இடம் கிடைக்கும்’ என்பதற்கு, ‘ஓரத்தைப் பிடித்திருப்பது கடைச் சரக்கும் பைக்கும், காரை எடுத்தாலும் ஓரம் காலியாகாது’ என்று ஒருவர் மறுக்கிறார். நடப்பவர்களுக்கு இடம் தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பைத்தான் அறுக்கிறார். தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இலேயே முடிவு, ஆதாரம், இரண்டையும் கட்டும் இணைப்பு என்று பிரித்துக் காட்டினார். கரும்பலகையில் அரைமணி விளக்கினாலும் ஏறாத விஷயம் இது. இங்கே திரையில் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒவ்வொரு கருத்துக்கும் 0 முதல் 4 வரை தாக்க மதிப்பெண் போடலாம். இதை லைக் பட்டன் மாதிரி அமுக்குவார்கள், நண்பன் எழுதியதற்கு 4 விழும். ‘உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை, மேலே இருப்பதை இது எவ்வளவு அசைக்கிறது?’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாக்கெடுப்பைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவைப்பது உத்தமம்.

நடைமுறைக்கு வருவோம். 40 பேர் வகுப்பு என்றால் மூன்று பேருக்கு ஒரு கணினி போதும். ஆளுக்கொன்று கொடுத்தால் பேச்சே நின்றுபோய் எல்லோரும் தட்டச்சில் மூழ்கிவிடுவார்கள். முதலில் 10 நிமிடம் வாயால் பேசட்டும். 20 நிமிடம் எழுதட்டும். மீதி நேரம் ஒரு கிளையை மட்டும் புரொஜெக்டரில் போட்டு மறுபடி பேசுங்கள். ஆரம்பத்தில் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். நீங்கள் ஏற்ற பிறகே கருத்து மரத்தில் ஏறும். எழுதியவர் பெயர் தெரியாமல் விவாதிக்கும் வசதியும் உண்டு. கூச்ச சுபாவக்காரர்களுக்கு அது பெரிய தெம்பு. ‘ஆளுக்கு ஐந்து கருத்து’ என்று கணக்கு வைக்காதீர்கள். ஒரே காரணம் ஐந்து உடுப்பு மாற்றிக்கொண்டு வரும்.

தமிழில் எழுதத் தடையில்லை. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்ததை ஒட்டினால் ‘mk;kh’ மாதிரி கொத்தாக வரும்; யூனிக்கோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். தமிழ் 99 விசைப்பலகை பழக்கமில்லாத பிள்ளைகளுக்குச் செல்போன் குரல் தட்டச்சு வேகம். நிறுத்தற்குறிகளை மட்டும் கையால் போட வேண்டும். தளத்தில் உள்ள ஆயத்த விவாதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், வெளிநாட்டு வாசனையோடு இருப்பவை. எடுத்தாளாமல், மாதிரி பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேலும் கல்லூரிக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். அதற்குக் கீழே வேண்டாம். பச்சை, சிவப்பு வண்ணத் தாளை வெட்டிச் சார்ட்டில் ஒட்டவிட்டால் அதே பாடம் கிடைக்கும். தவறான இடத்தில் ஒட்டியதைப் பிய்த்து வேறு இடத்தில் ஒட்டும்போது நடக்கும் வாக்குவாதம் அங்கே இன்னும் சூடாகவே இருக்கும்.