கோவையின் ஒரு மின்னணு வடிவமைப்பு நிறுவனம்: உள்ளே இருந்து பார்த்தவரின் மதிப்புரை

பம்புசெட், கிரைண்டர், நூற்பாலை இயந்திரம் எனக் கோயம்புத்தூரில் உருவாகும் பொருள்கள் பலவற்றுக்குள் இன்று ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. பொருளின் மேல் பெயர் பொறித்திருக்கும் நிறுவனமே அந்தப் பலகையை வரைந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதை வரைந்து, மாதிரி செய்து, சோதித்து, கோப்புகளாக ஒப்படைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்ட சிறு ஆலோசனை நிறுவனம் ஒன்று பல நேரங்களில் பின்னால் இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றில் சில ஆண்டுகள் வன்பொருள் பொறியாளராக இருந்துவிட்டு அண்மையில் வெளியேறினேன். ரகசியம் காக்கும் ஒப்பந்தம் இன்னும் என்னைக் கட்டுப்படுத்துவதாலும், சொல்லப்போவதில் குறைகளும் இருப்பதாலும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகைய இடங்களில் சேர எண்ணும் இளம் பொறியாளர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில் கற்க இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால், அங்குள்ள நல்ல பழக்கங்களுக்கு ஆகும் நேரத்தை நிறுவனம் தன் விலைப்புள்ளியில் சேர்ப்பதில்லை; அதை ஊழியர்களின் மாலைப்பொழுதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. என் பாராட்டும் புகாரும் இந்த ஓரிடத்திலிருந்தே கிளம்புகின்றன.

அங்கு எந்தப் பலகையும் 'ரிவ்யூ' என்று எல்லோரும் அழைக்கும் ஆய்வுக் கூட்டத்தைத் தாண்டாமல் தயாரிப்புக்குப் போவதில்லை. ஸ்கீமாட்டிக் எனும் சுற்றுப்படம் முடிந்ததும் ஒரு கூட்டம்; பாகங்களையும் செம்புப் பாதைகளையும் பலகையில் அமைக்கும் லேஅவுட் முடிந்து, பலகையை அச்சிடுபவருக்கான கெர்பர் கோப்புகள் வெளியே போகும் முன் இன்னொரு கூட்டம். இருப்பவர்களில் வேலைக்குப் புதியவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர்கள் கடைசியில்தான் பேச வேண்டும் என்பது எழுதப்படாத விதி. மூத்தவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்துபோவார்கள் என்பதை நம் ஊர் அலுவலகங்களில் வேலை பார்த்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த விதி வெறும் சடங்காக இல்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். விவசாயிகள் வீட்டிலிருந்தபடியே கைபேசியால் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் பயன்படுத்தும் செல்போன் ஸ்டார்ட்டர் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தோம். அதில் உள்ள, செல்போன் கோபுரத்தோடு பேசும் ஜிஎஸ்எம் தொகுதி தகவல் அனுப்பும்போது, சுமார் 4.6 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அரை மில்லி விநாடியைச் சற்றே தாண்டும் நேரத்துக்கு, 2 ஆம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கக்கூடியது. லேஅவுட்டைத் திரையில் போட்டதும், கல்லூரி முடித்துச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த ஒரு பெண், "இந்த ரெண்டு ஆம்ப்ஸ் எந்த வழியா திரும்பிப் போகுதுங்கண்ணா?" என்று கேட்டார். வரைந்தவர் துறையில் பத்து ஆண்டுக்கும் மேல் அனுபவம் உள்ளவர். திரையை உருட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, நேரா ஏடிசி கிரவுண்டுலதான் போகுது" என்றார். கூட்டக் குறிப்பில் ஒரு வரி ஏறியது, அடுத்த விஷயத்துக்குப் போனோம்.

அந்த ஒரு கேள்வியின் மதிப்பைப் பலகையை விளங்கிக்கொண்டால்தான் அறியலாம். ஏடிசி என்பது மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து எண்ணாக மாற்றும் பகுதி; கிரவுண்டு என்பது மின்னோட்டம் திரும்பிப் போகும் பொதுப் பாதை. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் வழக்கத்தைவிடக் குறைந்த மின்னோட்டத்தை இழுக்கும் என்பதை வைத்துத்தான் அப்போது மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு வேலை செய்கிறது. ஜிஎஸ்எம் தொகுதியின் மின்னோட்டம் அளவீட்டுச் சுற்றின் கிரவுண்டு வழியாகத் திரும்பினால், குறுஞ்செய்தி அனுப்பும் நேரத்தில் ஆம்பியர் கணக்கு குழம்பி, கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே மோட்டார் நின்றுவிடக்கூடும். மேசை மீது சோதிக்கும்போது இது பெரும்பாலும் தெரியாது. சிக்னல் குறைவான தோட்டத்தில், தொகுதி முழு சக்தியில் கத்தும்போதுதான் தெரியும். அதற்குள் ஆயிரக்கணக்கான பெட்டிகள் விற்றுப்போயிருக்கும்.

கேட்டவர் திமிராகக் கேட்டதாக யாரும் நினைக்கவில்லை, வரைந்தவருக்கு முகம் சுண்டவில்லை. பலகை நிறுவனத்தின் பலகை, வரைந்தவரின் சொத்து அன்று என்ற எண்ணம் அங்கு ஊறியிருக்கிறது. இதைச் சுவரொட்டியில் எழுதி வைத்துக்கொண்டு நடைமுறையில் எதிர்மாறாக நடக்கும் இடங்களிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன் என்பதால், இதைச் சிறிய விஷயமாகக் கருத என்னால் முடியவில்லை.

அந்தக் கூட்டங்களில் மிகக் கூர்மையான கண் பொறியியல் பட்டம் பெற்றவர்களுடையது அன்று. சால்டரிங் மேசையில் இருக்கும் ஐடிஐ படித்த தொழில்நுட்பருடையது. 1 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உள்ள 0402 அளவு ரெசிஸ்டரை மைக்ரோஸ்கோப்பின் கீழ் கழற்றி மாட்டுபவர் அவர், எல்லோருக்கும் அண்ணா. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டமுள்ள குடும்பம். 415 வோல்ட் வரும் பாதைகளுக்கு நடுவே போதிய இடைவெளி விட்டிருக்கிறோம் என்று நாங்கள் தரநிலை அட்டவணையைக் காட்டியபோது, "அட்டவணைக்குப் பல்லி தெரியுமாங்க?" என்று கேட்டவர் அவர்தான். மோட்டார் அறையில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சூட்டுக்காகப் பல்லி நுழைவதும், இரண்டு பேஸ்களுக்கு நடுவே கிடந்து கருகுவதும், எறும்பு கூடு கட்டுவதும் அவருக்கு அன்றாடக் காட்சி. அதன் பிறகு பலகையில் அந்த இடத்தில் பள்ளம் வெட்டினோம், மேலே பூச்சு கொடுத்தோம், கேபிள் நுழையும் துளைகளையும் மூடச் சொன்னோம்.

இவ்வளவு மதிக்கப்படும் அவரை வாடிக்கையாளர் கூட்டத்துக்கு ஒருபோதும் அழைத்துப்போனதில்லை. பட்டம் இல்லாதவர் மேசைக்கு அந்தப்புறம் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்தது. சம்பள உயர்விலும் அதே இடைவெளி தெரிந்தது. ரிவ்யூ அறைக்குள் இருக்கும் சமத்துவம் அந்த அறையின் வாசலோடு நின்றுவிடுகிறது என்பது அங்கு நான் கண்ட முதல் குறை.

தோல்வியை அந்த நிறுவனம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைச் சோதனைக்கூடத்தில் பார்க்கலாம். பலகை வெளியிடும் மின்காந்த இரைச்சல் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் உமிழ்வுச் சோதனைக்காகச் சென்னை தரமணியில் உள்ள சமீர் என்ற அரசு ஆய்வு மையத்துக்குப் பலகைகளை எடுத்துச் செல்வோம். இரவு ரயிலில் ஏறி, காலையில் அங்கு இறங்கி, 30 மெகாஹெர்ட்ஸ் முதல் 1 கிகாஹெர்ட்ஸ் வரை வரைபடம் திரையில் ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்காவது ஒரு முள் வரம்புக் கோட்டைத் தாண்டி நிமிர்ந்தால் சோதனை தோல்வி. கூடத்தின் நேரத்துக்குக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். வரைந்தவரையும், சிப்புக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரை எழுதியவரையும் சேர்த்தே அனுப்புவது நிறுவனத்தின் வழக்கம்; இதில் நல்ல யோசனை இருக்கிறது. கடிகார அதிர்வெண்ணின் மடங்கில் முள் நிமிர்கிறதா, ஸ்விட்சிங் பவர் சப்ளையிலிருந்து வருகிறதா என்று இருவரும் அங்கேயே ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். ஊருக்குத் திரும்பி வந்து ஒருவர் மேல் ஒருவர் பழி போட வழியில்லை. தோற்றுவிட்டது என்று தொலைபேசியில் சொல்லும்போது நிறுவனர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஃபிரீக்வென்சிங்க? எத்தனை டிபி மேல?" (வரம்பை எத்தனை டெசிபல் தாண்டியது) என்பதாகவே இருக்கும். யார் செய்தது என்ற கேள்வி பிறகும் வந்ததில்லை.

2021, 2022ஆம் ஆண்டுகளின் சிப் தட்டுப்பாட்டின்போதும் இந்தக் குணம் காப்பாற்றியது. பலகையின் மூளையாக எல்லோரும் பயன்படுத்திக்கொண்டிருந்த எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் சிப்புகளுக்கு 52 வாரம் காத்திருக்கச் சொன்னார்கள்; வெளிச்சந்தையில் விலை பல மடங்கு ஏறியது, போலிச் சரக்கும் வந்தது. கால்கள் பொருந்தும் மாற்றுச் சிப்பைப் போட்டால் போதும் என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். கால் பொருந்தினாலும் ஃபர்ம்வேர் அப்படியே ஓடாது என்பது எங்களுக்குத் தெரியும். அந்த நாள்களில் கொள்முதல் பிரிவில் இருந்த ஒருவர் ரிவ்யூ கூட்டங்களில் உட்கார ஆரம்பித்து, ஸ்கீமாட்டிக் நிலையிலேயே, "இது கிடைக்காதுங்க, வேற போடுங்க" என்று மறுக்கும் உரிமையையும் பெற்றார். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்த உரிமையை நிறுவனம் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நான் பார்த்த நல்ல நிர்வாக முடிவுகளில் இதுவும் ஒன்று.

இனி கசப்பான பகுதி. பெரும்பாலான வேலைகள் இங்கு மொத்த விலைக்கு ஒப்புக்கொள்ளப்படுகின்றன. கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பாளரிடம் மணிக்கணக்கில் பணம் கேட்டால், "பலகைக்கு எவ்வளவு, அதைச் சொல்லுங்க" என்பார். எனவே ஸ்கீமாட்டிக்குக்கு இத்தனை மணி, லேஅவுட்டுக்கு இத்தனை, ஃபர்ம்வேருக்கு இத்தனை என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டு ஒரே தொகையாகச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் ரிவ்யூவுக்கு இடம் இல்லை. டைம் ஷீட்டில் அதை எந்த வாடிக்கையாளரின் பெயரிலும் எழுத முடியாது; 'உள் வேலை' என்ற தலைப்பில் போட வேண்டும். மாத முடிவில் அந்தத் தலைப்பில் மணி அதிகமாகத் தெரிந்தால் கேள்வி வரும். விளைவு என்னவென்றால், பகலில் 'எண்ணப்படும்' வேலையை முடித்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு மேல் ரிவ்யூவுக்கு உட்காருவோம். அது எட்டரை, ஒன்பது வரை போகும். பலகை தோற்றுத் திரும்பினால் அதைச் சரிசெய்யும் நேரமும் மொத்த விலைக்குள்ளேயே அடக்கம் என்பதால் சனி, ஞாயிறும் போகும்.

இந்தச் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. அவினாசி சாலைக்கு அருகில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞருக்கு ஒன்பது மணி பெரிய விஷயம் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் வரும் பெண்ணுக்கும், குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியவருக்கும் அது அன்றாடப் போராட்டம். நிறுவனம் வாகன ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. ஜிஎஸ்எம் மின்னோட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட அந்தப் பெண் ஒன்றரை ஆண்டுக்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதியவர்தான் முதலில் பேச வேண்டும் என்று விதி வைத்திருக்கும் நிறுவனம், புதியவர் இருக்க முடியாத நேரத்தில் கூட்டம் வைப்பதில் உள்ள முரணை நிர்வாகத்திடம் எடுத்துச் சொன்னோம். விலைப்புள்ளியில் பத்து விழுக்காடு கூட்டினால் வேலை பக்கத்துத் தெரு நிறுவனத்துக்குப் போய்விடும் என்று பதில் வந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பக்கத்துத் தெரு நிறுவனத்தை விட்டுவிட்டு வாடிக்கையாளர்கள் இங்கே வருவதற்குக் காரணமே அந்த ரிவ்யூதான் என்பதை விற்பனைப் பேச்சில் பெருமையாகச் சொல்பவர்களும் அவர்களேதான்.

வேலைக்குச் சேருவோர் அறிந்திருக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. நீங்கள் வரைந்த எதையும் நீங்கள் வரைந்ததாக வெளியே காட்ட முடியாது. கோப்புகள் வாடிக்கையாளருக்குச் சொந்தம். அடுத்த நேர்காணலில் 'விவசாய மின்னணுக் கருவி ஒன்று' என்று மட்டுமே சொல்லலாம். பலகை களத்தில் எப்படி வாழ்கிறது என்பதையும் பெரும்பாலும் பார்க்க முடியாது. சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருக்கும், மின்னேற்றத்தைச் சேமிக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு, வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் கையில் வைத்திருக்கும் கணக்கு; அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்த பொறியாளர்கள் எங்களில் இரண்டு மூன்று பேர்தான். ஒப்படைத்ததும் உறவு முடிந்தது என்பதே ஒப்பந்தம்.

கருவிகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. நல்ல ஆஸிலோஸ்கோப்புகள், ஸ்பெக்ட்ரம் அனலைசர், சூடேற்றும் அறை எல்லாம் உண்டு. யாரும் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கு அவற்றுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலையும் போடுவோம். புரோப் செருகும் இடத்தில் மட்டும் குங்குமம் படக் கூடாது என்று சால்டரிங் அண்ணா காவல் நிற்பார்.

சம்பளம் கோவைக்கு நடுத்தரம். பெங்களூருவோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் இங்கு இல்லை, சேவைப் பத்திரம் எழுதி வாங்குவதும் இல்லை; அறிவிப்புக் காலம் மட்டும் மூன்று மாதம். கல்லூரி முடித்ததும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்து, ஒரு பலகையைக் கிரவுண்டிலிருந்து படிக்கக் கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குடும்பப் பொறுப்பு உள்ளவர்களும், மாலையில் வெளியூர் திரும்ப வேண்டியவர்களும் சேரும் முன்பே ரிவ்யூ நேரத்தைப் பற்றிப் பேசிக்கொள்வது நல்லது. வார இறுதி வேலைக்கு ஈடாக விடுப்பு உண்டு என்று நேர்காணலில் சொல்வார்கள். அதை நியமன ஆணையில் எழுதித் தரச் சொல்லுங்கள். என் காலத்தில் அது எழுத்தில் இல்லாததால் பலருக்குக் கிடைக்காமலே போனது.