கடலூர் வீட்டில் உள்பக்கப் பெயிண்ட்: 2019-இல் அடித்தது இன்று எப்படி இருக்கிறது

எங்கள் வீடு கடலூர் புதுப்பாளையத்தில். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று வருடம் முழுக்க வீட்டுக்குள் புழங்கும். தரைத்தளம் மாமனார் கட்டிய பழைய செங்கல் கட்டடம். மாடி பிறகு எழுப்பியது. 2019 கோடையில் இரண்டு தளத்துக்கும் உள்பக்கம் முழுவதும் பெயிண்ட் அடித்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ அடைமழை பார்த்தாகிவிட்டது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் பக்கமும் தப்பவில்லை. அந்த ஈரமெல்லாம் வற்றிய பிறகு அறை அறையாக நின்று சுவரைத் தடவிப் பார்த்தேன். எது நின்றிருக்கிறது, எது உரிந்திருக்கிறது என்பதை அப்படியே எழுதுகிறேன்.

கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி?" என்றுதான். பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் எகானமி, பிரீமியம், லக்சுரி என்று படிகள் இருக்கின்றன. ஒரே படியில் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசம் எங்கள் சுவரில் தெரியவில்லை. அடிக்கும்போது சுவர் காய்ந்திருந்ததா என்பதுதான் வித்தியாசம் காட்டியது. அதனால் எந்த மாதத்தில் அடிக்கலாம் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

நம் பக்கம் பொங்கலுக்கு வீடு வெளுப்பது வழக்கம். போகிக்குள் வேலை முடிந்துவிட வேண்டும் என்று மார்கழியில் பெயிண்டரைத் துரத்துவோம். சுண்ணாம்பு அடித்த காலத்தில் அது சரியான வழக்கம். சுண்ணாம்புக்கு ஈரச்சுவர் ஆகும்; காய்ந்த சுவராக இருந்தால் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் அடிப்பார்கள். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெதுவாக இறுகும். உள்ளே மிச்சமிருக்கும் ஈரமும் அதன் வழியாகவே வெளியேறிவிடும். எமல்ஷன், அதாவது இப்போது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட், அப்படிப்பட்ட பொருள் இல்லை. சுவர் மேல் படலமாகப் படிந்து நிற்கும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையைக் குடித்த சுவர் தை மாதத்தில்தான் ஈரத்தின் உச்சத்தில் இருக்கும். அதன் மேல் பட்டியும் (மேடுபள்ளத்தை மறைக்கப் பூசும் மாவு) எமல்ஷனும் ஏற்றினால், வெயில் ஏற ஏற உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வரப் பார்க்கும். படலம் கொப்புளமாக எழும்பும். பொருளை மாற்றிவிட்டோம், மாதத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருக்கிறோம். கடலூரிலும் புதுச்சேரியிலும் நான் பார்த்த உரிந்த சுவர்களில் பாதிக்கு மேல் பொங்கலுக்கு அடித்தவைதான்.

மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை நமக்கு நல்ல காலம். கல்யாணமோ சடங்கோ வீட்டில் இருந்தால் அதற்கு வண்ணத்தாள் ஒட்டிச் சமாளியுங்கள், பெயிண்டைப் பங்குனிக்குத் தள்ளுங்கள். மனதாரச் சொல்கிறேன், இந்த ஒன்றைக் கேட்டாலே பாதிப் பணம் மிச்சம்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிச் சுவரில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றாலோ, அந்த இடம் கறுத்திருந்தாலோ, வேலையைத் தொடங்க வேண்டாம். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒன்று, இடுப்புயரத்தில் ஒன்று, ஜன்னலுக்குக் கீழே ஒன்று என்று ஒட்டிப் பார்க்க வேண்டும். நாங்கள் அப்படி ஒட்டியபோது மாடி முழுவதும் தேறியது. கீழே கிழக்குப் பார்த்த படுக்கையறையும் பூஜையறையும் தேறவில்லை.

அந்த இரண்டிலும் ஓதம். அடித்தளத்திலிருந்து தண்ணீர் செங்கல் வழியாக ஏறி வருகிறது. வரும்போது மண்ணிலும் செங்கலிலும் உள்ள உப்பைக் கரைத்துக் கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மேற்பரப்பில் பூத்து நிற்கும். பட்டிக்கு அடியில் பூத்தால் பட்டியை அப்படியே தள்ளிவிடும். இதைத் தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது. உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய், மறுபடி வெளியே வரும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள்.

எங்களுக்கு வேலை செய்தவர் நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரர், நிதானமான ஆள். "அக்கா, இதுக்கு மேல பட்டி பாத்தா ரெண்டு மழை தாங்கும். அப்புறம் தகடு தகடா வுழும். பூச்சக் கொத்தி ரெண்டு மாசம் ஆறப் போடுங்க" என்றார். படுக்கையறையில் அப்படியே செய்தோம். ஈரம் தெரிந்த கோட்டுக்கு மேலே இன்னும் இரண்டடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் தெரிய விட்டு வைத்தோம். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு, நீர்த்தடுப்பு மருந்து கலந்த கலவையில் பூசி, ஒரு வாரம் தண்ணீர் காட்டி, ஒரு மாதத்துக்கு மேல் காயவிட்டுத்தான் பெயிண்ட். செலவு அதிகம். பலன் முழுசாக வந்ததா என்றால், முக்கால்வாசி. கொத்திப் பூசிய பரப்பு இன்றும் நன்றாக இருக்கிறது. பழைய பூச்சும் புதிய பூச்சும் சேரும் இடத்தில், ஃபெஞ்சலுக்குப் பிறகு ஒரு நீளக் கோடாக உப்பு தெரிகிறது. ஈரத்தைத் தடுத்தால் அது தடுப்புக்கு மேலே ஏறும் என்பதை அந்தச் சுவர் காட்டுகிறது.

பூஜையறைக்கு அத்தை சுண்ணாம்புதான் வேண்டும் என்றார். கிளிஞ்சல் சுண்ணாம்பை ராத்திரி முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோற்றுக் கஞ்சியும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்து மூன்று முறை அடித்தோம். தாளிக்கும்போது இருப்பதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய வேலை இது. சுண்ணாம்பு நீரில் விழுந்ததும் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். இந்த அறையில் இன்றுவரை ஒரு கொப்புளம் இல்லை. சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும், விளக்குப் புகை படியும், வருடத்துக்கு ஒரு முறை மேலே ஒரு கை அடித்தாக வேண்டும். அந்த மெனக்கெடலுக்கு அது தரும் பலன் பெரிது. ஓதம் ஏறும் பழைய வீட்டில், தரைத்தளத்தில் ஓர் அறையையாவது சுண்ணாம்புக்கு விட்டுவிடலாம் என்பது என் தீர்மானமான கருத்து.

புது வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டதால், பூச்சு வேலை முடிந்த மூன்றாவது வாரமே கட்டியவர் பெயிண்டை ஏற்றிவிட்டார். ஹாலில் அடர்நீலச் சுவர் ஒன்று. ஆறு மாதத்துக்குள் அது திட்டுத் திட்டாக வெளுத்தது. புதுச் சிமெண்ட் பூச்சில் காரம் மிக அதிகம். அது தணிவதற்குள் அடித்தால் அடர்நிறங்களைத் தின்றுவிடும். 28 நாள் என்பது குறைந்தபட்சம். நம் ஈரக் காற்றுக்கு இரண்டு மூன்று மாதம் விடுவது நல்லது. அதுவரை பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான சிமெண்ட் பிரைமரோடு மட்டும் குடியேறலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சரி, சுவர் காய்ந்துவிட்டது. அடுத்தது பட்டி. இதில் ஆளுக்கு ஆள் மோகம் வந்துவிட்டது, கண்ணாடி மாதிரி வழவழப்பு வேண்டும் என்று மூன்று நான்கு கோட்டு பார்க்கச் சொல்கிறார்கள். பட்டி மேடுபள்ளத்தை மறைக்க மட்டும்தான். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதன் கனமே அதை இழுத்துக்கொண்டு விழும். பள்ளம் பெரிதாக இருந்தால் கொத்தனாரை வைத்துப் பூச்சிலேயே சரி செய்யுங்கள். நம் பகுதிக்கு வெள்ளைச் சிமெண்ட் பட்டி ஏற்றது. டப்பாவில் வரும் அக்ரிலிக் பட்டி ஈரம் இல்லாத உள்சுவருக்கு மட்டும் சரி. உப்புத்தாள் போட்ட பிறகு பொடியை ஈரத்துணியால் துடைக்காமல் பிரைமர் அடித்தால், பெயிண்ட் சுவரைப் பிடிக்காது, பொடியைத்தான் பிடிக்கும். எங்கள் பெயிண்டர் ஒவ்வொரு அறையிலும் உள்ளங்கையால் தடவி, கை வெள்ளையாகாமல் வந்த பிறகுதான் பிரைமர் டப்பாவைத் திறந்தார். பட்டிக்கு மேல் பிரைமர் வேண்டாம், நேரே பெயிண்ட் அடிக்கலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பழைய பெயிண்ட் மேலேயே அடிக்கிறவர்களுக்கு: செலோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயிண்ட் கூடவே வந்தால் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள அறைகளில் சுவரிலேயே உப்புப் படலம் இருக்கும். ஓதம் இல்லாத சுவராக இருந்தால் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிட்ட பிறகு அடியுங்கள். ரொம்பப் பழைய பெயிண்டைச் சுரண்டும்போது காய்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பது முக்கியம். 2017 நவம்பர் முதல்தான் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இங்கே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல்களின் தூசி குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. அந்த நாட்களில் அவர்களை வேறு வீட்டில் தங்க வையுங்கள்.

அடிக்கும் நேரத்தில் நான் விடாமல் கவனித்தது தண்ணீர் கலப்பதை. எவ்வளவு கலக்கலாம் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். அளவு மக் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டேன். கண்ணளவில் ஊற்றினால் மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடிக்கொண்டே போகும், படலம் மெலிந்துவிடும். ஒரே அறைக்குப் பல டப்பா வந்தால் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் சுவருக்குச் சுவர் ஷேடு கொஞ்சம் மாறும். முதலில் சீலிங், அப்புறம் சுவர், கடைசியில் கதவு ஜன்னல். முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் போதும் என்பார்கள். கடல்காற்று ஈரத்தோடு வீசும் நாளில் அது போதாது, மறுநாள் வரை விட்டோம். டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்று, பணமாகவோ பரிசாகவோ மாற்றிக்கொள்ளும் டோக்கன் போடும் வழக்கம் இருக்கிறது. அதற்காகவே ஒரு குறிப்பிட்ட ரகத்தைச் சொல்பவர்களும் உண்டு. டோக்கன் அவருக்கே, ரகத்தை நாம் தேர்ந்தெடுப்போம் என்று முதலிலேயே பேசிவிட்டால் மனக்கசப்பு வராது.

இனி அறைவாரியாக. ஹாலில் லக்சுரி எமல்ஷன், லேசான பளபளப்பு. கைக்கறை, பேனாக் கிறுக்கல், காபித் தெறிப்பு எல்லாம் மென்மையான பஞ்சும் சோப்புத் தண்ணீரும் போட்டால் போய்விடுகிறது. காசுக்குப் பழுதில்லை. ஆனால் பளபளப்பு மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். டியூப் லைட் சுவரிலேயே மாட்டியிருந்தால் இன்னும் மோசம். மாடி அறைகளில் பளபளப்பில்லாத மேட் எடுத்தோம். பார்க்கச் சாந்தமாக இருக்கிறது, தேய்த்துத் துடைத்த இடம் மட்டும் மினுமினுப்பாகத் திட்டு விழுந்துவிட்டது. குழந்தைகள் இருக்கும் அறைக்கு மேட் வேண்டாம். சீலிங்குக்கு விலை குறைந்த வெள்ளை மேட்டே போதும், ஒரு குறையும் வரவில்லை.

சமையலறையில் அடிப்பதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைச் சோடா உப்பு கரைத்த வெந்நீரில் கழுவி எடுத்தோம். அங்கே பெயிண்ட் இன்னும் பிடித்து நிற்பதற்கு அதுதான் காரணம். குளியலறைச் சீலிங்கில் கறுப்புப் பூஞ்சை இருந்தால் அதன் மேலேயே அடிக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, காயவிட்டு, பிறகு அடியுங்கள். அந்தக் கரைசலோடு ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ சேரக் கூடாது, விஷவாயு வரும்.

நான் எதிர்பார்க்காத இடத்தில் பாதிப்பு வந்தது பீரோவுக்குப் பின்னால். வெளிச்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்த பீரோவை நகர்த்தியபோது, நல்ல பெயிண்ட் மேலேயே பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். காற்று போகாததுதான் காரணம். கிழக்கும் வடக்கும்தான் நமக்கு மழைச்சாரல் அடிக்கும் பக்கம். அந்தச் சுவர்களை விட்டு நாலு விரல் தள்ளிப் போட்டால் போதும்.

மீந்த பெயிண்டைப் பெரிய டப்பாவிலேயே விட்டால் கெட்டு நாறும். வாய்வரை நிரம்பும்படி சின்ன பாட்டிலில் ஊற்றி, ஷேடு எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். முதல் இரண்டு வருடம் டச்சப்புக்கு உதவும். அதற்குப் பிறகு சுவரின் நிறமே கொஞ்சம் இறங்கியிருக்கும். நடுவில் தொட்டால் புதிது பளிச்சென்று தெரியும். மூலையிலிருந்து மூலை வரை அந்த ஒரு சுவரை முழுசாக அடித்துவிடுவதே அழகு.

வரும் பங்குனியில் கீழே கிழக்கு அறையை மட்டும் எடுக்கப்போகிறோம். உப்புக் கோடு தெரியும் சுவரில் இன்னும் மூன்றடி உயரத்துக்குக் கொத்தி, இந்த முறை சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்புக் கலவைப் பூச்சு, மேலே சுண்ணாம்பு. கொத்தனாரிடம் பேசியாகிவிட்டது, பூச்சு இறுக ஆடி வரை ஆகலாம் என்கிறார். மாடியும் ஹாலும் இன்னும் சில வருடம் அப்படியே ஓடும்.